பழைய ஹை-ஃபை ஸ்பீக்கரில் சத்தம் சரியில்லையா? பெட்டியைத் திறக்கும் முன் படியுங்கள்

முப்பது நாற்பது வருடம் பழகிய ஸ்பீக்கரில் ஏதோ சரியில்லை என்று காதில் பட்டதுமே பலரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு பெட்டிக்குள் இருக்கிறதா, ஒயரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கிறதா, பெட்டியை வைத்த இடத்தில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த மூன்றையும் காதை வைத்தே பிரித்துவிடலாம். பழுது என்று சொல்லி விற்கப்படும் நல்ல ஸ்பீக்கர்களில் கணிசமானவை தப்பான மூலையில் நிற்பவை என்பது என் கணிப்பு.

பிரிப்பது இப்படி. ஒரே ஒருவர் பாடும் மோனோ பதிவு (இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வருவது) ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் பொருத்துங்கள். கோளாறு அடுத்த பெட்டிக்குத் தாவினால் குற்றம் ஆம்பிலோ அதற்கு முந்தைய கருவியிலோ இருக்கிறது. ஸ்பீக்கரைத் தொட வேண்டியதில்லை. அதே பெட்டியில் நின்றால், ஒயர்களைப் பழையபடி பொருத்திவிட்டு இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வையுங்கள். ஒயர்கள் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். கோளாறு பெட்டியோடு கூடவே வந்தால் பெட்டியில்தான் பிரச்சினை. பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் அந்த ஒயரையோ அந்த மூலையையோ பாருங்கள்.

ஒயரை மாற்றும்போதெல்லாம் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும். இரண்டு முனைகள் ஒன்றோடொன்று உரசினால் டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட் பகுதி ஒரு நொடியில் போய்விடும்.

ஒரு பெட்டி பேசவில்லை, அல்லது விட்டுவிட்டுப் பேசுகிறது

பெரும்பாலும் இது கறுத்துப்போன இணைப்புதான். பழைய ஸ்பீக்கர்களின் ஸ்பிரிங் கிளிப்புகளில் செம்பு முனை பல வருடம் அப்படியே கிடந்து பச்சை பிடித்திருக்கும். ஒயர் முனையை வெட்டிப் புதிதாக உரித்து, கிளிப்பை கான்டாக்ட் கிளீனரால் துடைத்துப் பாருங்கள். சில மாடல்களில் பின்புறம் ஃப்யூஸ் இருக்கும். அதையும் கழற்றி, துடைத்து, மாட்டுங்கள்.

இணைப்பு நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால், 8 ஓம் என்று எழுதியிருக்கும் பெட்டி ஏறத்தாழ 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் பெட்டி மூன்று அல்லது மூன்றரை காட்டும். மீட்டர் காட்டுவது டிசி எதிர்ப்பை மட்டும்தான், எனவே எழுதியிருப்பதைவிடக் குறைவாக இருப்பது சரியே. அளவே வரவில்லையென்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: ட்வீட்டருக்கு (மேல்சுரங்களை, அதாவது ட்ரெபிளை ஒலிக்கும் சிறு யூனிட்) முன் டிசியை மறிக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால், வெளியிலிருந்து அளக்கும் இந்த அளவு பேஸை ஒலிக்கும் பெரிய யூனிட்டான வூஃபரைப் பற்றி மட்டுமே சொல்லும். ட்வீட்டரை அளக்க அதன் ஒரு ஒயரையாவது கழற்றியாக வேண்டும்.

ட்ரெபிள் மங்கிவிட்டது, போர்வை போட்டு மூடியது போல் இருக்கிறது

முதலில் உட்காரும் உயரத்தைப் பாருங்கள். ட்வீட்டர் முழங்கால் மட்டத்தில் இருந்தால் எந்த ஸ்பீக்கரும் மங்கலாகத்தான் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து சுமார் 90 முதல் 100 சென்டிமீட்டரில் இருக்கும். ட்வீட்டர் அந்த மட்டத்துக்கு வர வேண்டும், அல்லது பெட்டியைப் பின்பக்கமாகச் சற்றுச் சாய்த்து அது காதைப் பார்க்கும்படி செய்ய வேண்டும். பாட்டு ஓடும்போது தரையில் உட்கார்ந்து கேளுங்கள். சட்டென்று தெளிந்தால் கோளாறு உயரத்தில்தான்.

அதில் தெளியவில்லையென்றால், சத்தத்தை நன்றாகக் குறைத்து ட்வீட்டருக்கு அருகில் காதை வையுங்கள். ஒன்றுமே வரவில்லையா, வருகிறது ஆனால் அடுத்த பெட்டியைவிடக் குறைவாக வருகிறதா?

ஒன்றுமே வராவிட்டால் ட்வீட்டர் எரிந்திருக்கலாம். பெட்டியின் பின்புறம் ட்ரெபிள், மிட்ரேஞ்ச் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் இருந்தால் அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) நிறுவனத்தின் பழைய பெட்டிகளில் இவை பெயர்பெற்றவை. உள்ளே கம்பி சுற்றிய பொட்டென்ஷியோமீட்டர் ஆக்சைடு பிடித்து, ட்வீட்டருக்குப் போகும் சிக்னலையே அறுத்துவிடும். குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று சத்தம் வந்து போனால் ட்வீட்டர் உயிரோடு இருக்கிறது, கெட்டது குமிழ். அதைத் திறந்து சுத்தம் செய்யலாம், மாற்றவும் செய்யலாம்.

குறைவாக வந்தால் சந்தேகம் இரண்டு இடங்களுக்குப் போகும். முதலாவது கிராஸ்ஓவரில் (சிக்னலை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்று) உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். ஸ்பீக்கரில் போடுவது முனை பேதம் இல்லாத பைபோலார் வகை. வயதாக ஆக உள்ளிருக்கும் திரவம் காய்ந்து, அளவு விலகும், உள் எதிர்ப்பு ஏறும், ட்ரெபிளின் பலம் போகும். மாற்றுவதென்றால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதைவிட அதிக வோல்ட், இரண்டு பெட்டிகளிலும் ஒரே நேரத்தில். ஆம்பில் போடும் முனை பேதமுள்ள கெப்பாசிட்டரை இங்கே போடக் கூடாது. காயில்களும் ரெசிஸ்டர்களும் பொதுவாகக் கெடுவதில்லை, அவற்றை விட்டுவிடுங்கள்.

விலை உயர்ந்த ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. எலக்ட்ரோலிட்டிக்கின் உள் எதிர்ப்பையும் கணக்கில் வைத்துத்தான் அன்றைக்கு அந்தப் பெட்டியின் சமநிலையை அமைத்தார்கள். அந்த எதிர்ப்பு ஏறக்குறைய இல்லாத ஃபிலிம் வகையைப் போட்டால் சில பெட்டிகளில் ட்ரெபிள் குத்தத் தொடங்கும். அப்போது கெப்பாசிட்டரோடு வரிசையில் ஒரு ஓமுக்கும் குறைவான சிறு ரெசிஸ்டர் சேர்த்தால் பழைய குணம் திரும்பும். நல்ல புதிய பைபோலார் வகையைப் போட்டால் இந்தத் தொல்லையே வராது.

இரண்டாவது ஃபெர்ரோஃப்ளூயிட். எழுபதுகளின் பிற்பாதி முதல் பல ட்வீட்டர்களில் வாய்ஸ் காயில் (ஒலிக்கும் சவ்வை அசைக்கும் கம்பிச்சுருள்) நகரும் இடைவெளியில் காந்தத்தோடு ஒட்டி நிற்கும் ஒரு கறுப்பு எண்ணெயை விட்டார்கள். காயிலைக் குளிர வைப்பதும் அதன் துள்ளலை அடக்குவதும் அதன் வேலை. காலப்போக்கில் அது கெட்டித்து தார் மாதிரி ஆகி, ட்வீட்டரின் குவிந்த சவ்வான டோமை அசைய விடாமல் பிடித்துக்கொள்ளும். டோமைக் கழற்ற முடிகிற ட்வீட்டர் என்றால், தடித்த காகிதத்தை ஒல்லியான பட்டையாக மடித்து இடைவெளியில் செருகி, பட்டை சுத்தமாக வெளியே வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அப்புறம் அந்த ட்வீட்டருக்கு உரிய வகையில், உரிய அளவில் புதியதை விட வேண்டும். முதலிலிருந்தே எண்ணெய் இல்லாத ட்வீட்டரில் புதிதாக விட வேண்டாம். அதன் குணமே மாறிப்போகும்.

பேஸ் வரும்போது கரகரக்கிறது, படபடக்கிறது

பாட்டை உடனே நிறுத்துங்கள். முன்வலையைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் வூஃபரின் அசையும் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். எழுபது, எண்பதுகளின் வூஃபர்களில் பெரும்பாலும் அது பாலியூரித்தேன் ஃபோம். காற்றின் ஈரமும் ஓசோனும் வெளிச்சமும் சேர்ந்து அதை அரித்துவிடும்; பத்துப் பதினைந்து வருடத்தில் உதிரத் தொடங்குவது சகஜம். ஸ்பீக்கரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இது நடக்கும். பெட்டியை அட்டைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன் என்பதால் ஃபோம் பிழைக்காது. விரல் நுனியால் மெல்லத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், இல்லையென்றால் பொடியாக உதிரும். கிழிந்த வளையத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கோன் ஒருபக்கமாகச் சரிந்து வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசும். அதற்குப் பின் வளையம் மாற்றினால் மட்டும் போதாது.

இது பயப்பட வேண்டிய பழுது இல்லை. சரியான அளவு வளையம், சரியான பசை, ஒரு நாள் பொறுமை இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். பழைய ஃபோமையும் காய்ந்த பசையையும் முழுவதும் சுரண்டி எடுப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. காயிலை நடுவில் நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. நடுவில் உள்ள தூசி மூடியை வெட்டி, காயிலுக்கும் காந்தத் தூணுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகுவது ஒன்று. பசை காயும் முன் 20, 30 ஹெர்ட்ஸ் சுரத்தை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, உரசல் கேட்காத நிலைக்குக் கோனை நகர்த்துவது இன்னொன்று. தூசி மூடியைக் கெடுக்காத இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது.

எல்லா வளையமும் ஃபோம் அல்ல. மடிப்பு மடிப்பாகத் துணி வளையம் வைத்த வூஃபர்களில் ஃபோம் ஒட்டினால் நல்ல வூஃபரைக் கெடுத்ததாகிவிடும். ரப்பர் வளையம் இன்னும் நீண்ட நாள் உழைக்கும். அதில் டயர் பாலிஷ், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம்.

வளையம் நன்றாக இருந்தும் கரகரப்பு வந்தால், கோனின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். மணல் உரசுவது போல் சத்தம் வந்தால் காயில் உரசுகிறது. பல வருடம் ஒரே நிலையில் நின்றதால் உள்ளிருக்கும் சஸ்பென்ஷன் கோனின் எடையில் தொய்ந்திருக்கலாம். வூஃபரைக் கழற்றி, மேல் பக்கம் கீழே வரும்படி திருப்பி மாட்டினால் சில சமயம் இது தீர்ந்துவிடும்.

உரசலும் இல்லையென்றால் சின்னச் சின்ன அதிர்வுகளைத் தேட வேண்டும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏறும் சுரத்தைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, படபடப்பு வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள்: முன்வலைச் சட்டம், அதில் ஒட்டிய உலோகப் பெயர்த்தகடு, வூஃபர் திருகுகள், தூசி மூடியின் விளிம்பு, பின்பக்க இணைப்புத் தட்டு. எதை அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அதுதான். பெயர்த்தகடாக இருந்தால் ஒரு துளி பசை போதும். திருகு என்றால் இறுக்கலாம், ஆனால் மரத்தூள் பலகையில் திருகின் பிடி சீக்கிரம் போய்விடும். கைப்பலத்தைக் காட்ட வேண்டாம். பெட்டியில் எதுவுமே அகப்படாவிட்டால் அறையைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியும் அலமாரிக் கதவும் வூஃபர் கிழிந்தது போலவே சத்தம் போடும்.

பேஸே இல்லை

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நின்று மோனோ குரலைக் கேளுங்கள். குரல் ஒரு புள்ளியில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவினால், ஒரு பக்கம் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு வூஃபர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து பேஸை அழித்துவிடுகிறது. ஒரு பெட்டியின் ஒயரை மட்டும் திருப்பிப் போட்டால் பேஸ் உடனே வந்துவிடும்.

ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட வைத்து வூஃபர் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பார்க்கலாம். சிவப்பு முனைக்கு ப்ளஸ் கொடுத்தால் கோன் வெளியே வருவதுதான் இன்றைய வழக்கம். பழைய ஜேபிஎல் வூஃபர்களில் இது நேர்மாறு, உள்ளே போகும். அது பழுதில்லை. அதே மாதிரி, சில கிராஸ்ஓவர்களில் ட்வீட்டரை வேண்டுமென்றே திருப்பி இணைத்திருப்பார்கள். எனவே ஒரு ஒயரைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

துளையில்லாத மூடிய பெட்டி என்றால் காற்றுக் கசிவைச் சோதியுங்கள். 1954இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 பெட்டியில் கொண்டுவந்த அமைப்பில், பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் வூஃபருக்கு ஸ்பிரிங். காற்று கசிந்தால் ஸ்பிரிங் போய்விடும். கோனை மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள்; நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது, டக்கென்று வந்தால் கசிகிறது. வூஃபரைச் சுற்றியுள்ள காய்ந்த கேஸ்கட்டிலும் இணைப்புத் தட்டிலும் பாருங்கள். துணி வளையத்தில் பூசியிருந்த கலவை போய்விட்டாலும் துணி வழியே காற்று போகும்.

பெட்டி நன்றாக இருந்தால் நாற்காலியைப் பாருங்கள். 4 மீட்டர் நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எழும் முதல் அதிர்வு சுமார் 43 ஹெர்ட்ஸில் விழும். அறையின் நட்டநடுவில் அது ஏறக்குறைய காணாமல் போய்விடும். நாற்காலியை அரை மீட்டர் பின்னே தள்ளினால் பேஸ் திரும்பும்.

பேஸ் அதிகம், எல்லாப் பாட்டும் ‘தும் தும்’ என்று ஒரே சுரத்தில் ஒலிக்கிறது

இது அநேகமாக எப்போதும் இடத்தின் கோளாறு. தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றும் சந்திக்கும் மூலை பேஸை ஊதிப் பெரிதாக்கும். மூலைக்கென்றே செய்த பெட்டிகளும் உண்டு. 1946இல் வந்த பால் கிளிப்ஷின் கிளிப்ஷ்ஹார்ன் மூலைச் சுவர்களைத் தன் ஹார்னின் ஒரு பகுதியாகவே பயன்படுத்துகிறது. மற்றவற்றை மூலையிலிருந்து வெளியே எடுங்கள்.

எவ்வளவு தூரம் எடுப்பது? வூஃபரிலிருந்து பின்சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி, ஒரு குறிப்பிட்ட சுரத்தில் நேர் ஒலிக்கு எதிராக வந்து அதை விழுங்கும். தூரம் 1 மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 86 ஹெர்ட்ஸ் அருகில்; அரை மீட்டர் என்றால் 170 அருகில். 1974இல் ராய் அலிசன் இதை அளந்து வெளியிட்டார். அவர் காட்டியதில் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இது: வூஃபரிலிருந்து தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றின் தூரமும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. மூன்றும் சமமானால் மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து, அதற்குக் கீழுள்ள பேஸ் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். தரையிலிருந்து 40 சென்டிமீட்டர், பின்சுவரிலிருந்து 60, பக்கச்சுவரிலிருந்து 90 என்று தொடங்கி, பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்திக் கேளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் நன்றாக இருந்த இடத்துக்குத் திரும்பவே முடியாது.

அறுபது, எழுபதுகளில் ‘புக்ஷெல்ஃப்’ என்று பெயரிட்ட பெட்டிகள் பல இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. அவற்றைத் தரையில் வைத்தால் பேஸ் குழம்பிவிடும். இருபது முப்பது சென்டிமீட்டர் உயர ஸ்டாண்ட் போட்டாலே குரல் தனியாகப் பிரிந்து கேட்கும். எலக்ட்ரானிக் ஈக்வலைசர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நகர்த்த இடமில்லாத அறை என்றால் தலைகீழாகச் செய்யலாம். ஒரு ஸ்பீக்கரை நாற்காலியில் வைத்து பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் நிற்கக்கூடிய இடங்களில் நீங்கள் குனிந்து நின்று கேளுங்கள். பேஸ் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கேட்கும் இடத்தில் பெட்டியை வையுங்கள். துளையுள்ள பெட்டி என்றால் துளைக்குள் கொஞ்சம் ஃபோமைத் திணித்துப் பார்ப்பதில் எந்தச் சேதமும் இல்லை.

குரல் நடுவில் நிற்கவில்லை

இரண்டு பெட்டிகளிலிருந்தும் காதுக்குள்ள தூரத்தை டேப்பால் அளந்து சமமாக்குங்கள். சில சென்டிமீட்டர் வித்தியாசமே குரலை ஒரு பக்கம் இழுக்கும். பெட்டிகளுக்கு இடையே உள்ள தூரமும் ஏறத்தாழ அதே அளவு இருக்கட்டும். ட்வீட்டர் ஒரு ஓரமாக வைத்த பெட்டிகள் பல, கண்ணாடிப் பிம்பம் போல ஜோடியாக வந்தவை. இடதும் வலதும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ட்வீட்டர்கள் உள்பக்கம் இருந்தால் குரல் இறுகி நிற்கும். நின்றபடி வைக்கச் செய்த பெட்டியை அலமாரிக்காகப் படுக்க வைக்காதீர்கள்.

கேட்கக் கேட்கக் காது களைத்துப்போகிறது

வெறும் தரை, வெறும் சுவர், பெரிய கண்ணாடி. பக்கச்சுவரில் ஒருவர் சின்னக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, நாற்காலியிலிருந்து ட்வீட்டர் அதில் தெரியும் இடத்தில் திரையோ புத்தக அலமாரியோ வையுங்கள். நடுத்தரையில் ஒரு விரிப்பு போடுங்கள். பெட்டியின் முகத்தைக் காதிலிருந்து கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புவதும் உதவும்.

சத்தம் கூட்டினால் உடைகிறது, ஆம்ப் கொதிக்கிறது

பழைய மூடிய பெட்டிகள் பல நிறைய வாட் கேட்பவை. 3 டெசிபெல் கூட்டவே இரண்டு மடங்கு வாட் வேண்டும் என்பதால், சின்ன ஆம்ப் சீக்கிரம் தன் எல்லையைத் தொட்டு அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அந்தச் சிக்னல்தான் ட்வீட்டரை எரிக்கிறது. பெரிய ஆம்பை நிதானமான சத்தத்தில் ஓட்டுவது பாதுகாப்பு. இரண்டு ஜோடி 4 ஓம் பெட்டிகளை ஆம்பின் ஏ, பி ஸ்பீக்கர் இணைப்புகள் இரண்டிலும் ஒரே நேரத்தில் மாட்டினால் பெரும்பாலும் ஆம்ப் பார்ப்பது 2 ஓம். பல ஆம்புகள் அதைத் தாங்காது.

கோனுக்குப் பதில் உயர் வோல்ட்டில் மெல்லிய படலத்தை அசைத்து ஒலிக்கும், 1957இல் வந்த க்வாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் போன்ற ஸ்பீக்கர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே வாட் அதிகமான ஆம்ப்தான் ஆபத்து; உள்ளே பொறி பறந்து பேனல் கெடும். பின்பக்கமும் ஒலிப்பதால் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். உள்ளே பல ஆயிரம் வோல்ட் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது தங்கும். சடசடவென்று சத்தம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த வகையைத் திறந்து பழகியவரிடம் கொடுங்கள்.